தகர வில்லையும் டிஜிட்டல் அட்டையும்: நம் ஊரின் அடையாளக் கதை

  

நீளமான பதிவு இது. கொழுந்து மடுவத்தில் நிறுவைக்கு வரிசையில் நிற்கும்போது வாசிக்க வேண்டாம். இரவு சாப்பாடு முடித்து ஆறுதலாக வாசியுங்கள்.

எழுதத் தூண்டியது ஒரு பிள்ளை. பதினொராம் ஆண்டு படிக்கிறாள். ஓ.எல். பரீட்சைக்கு அடையாள அட்டை வேண்டும் என்பது உங்களுக்குத் தெரியும். பதினைந்து வயதானதும் பாடசாலை மூலமே விண்ணப்பத்தை நிரப்பி அனுப்புகிறோம். மற்றவர்களின் அட்டைகள் வந்துவிட்டன, இவளுடைய விண்ணப்பம் மட்டும் திரும்பி வந்தது. பெயரை மாற்றித்தான் சொல்கிறேன்: பாடசாலை இடாப்பில் "பழனியாண்டி விஜயலட்சுமி". பிறப்புச் சான்றிதழ் சிங்களத்தில் இருக்கிறது. அதைத் தமிழில் எழுத்துக்கூட்டினால் "பலனியாண்டி விஜேலெச்சமி" என்று வருகிறது. தகப்பனின் அடையாள அட்டையிலோ "பளனியாண்டி". ஒரே மனிதர், மூன்று ல. ழகரம் சிங்களத்தில் இல்லை, அதற்கு அந்த மொழியைக் குறை சொல்ல முடியாது. ஆனால் அந்த ஒரு எழுத்துக்காகத் தகப்பன் இதுவரை ஐந்து நாள் பேரை இழந்துவிட்டார். ஐந்து தடவை வேலையை விட்டு, பஸ் ஏறி, வரிசையில் நின்று, "இந்தக் கடிதம் போதாது, வேறு கொண்டு வாங்க" என்ற பதிலோடு திரும்பியிருக்கிறார்.

"ஐந்து நாள் பேர்" என்று எழுதியதும் கை கொஞ்சம் நின்றது. தோட்டத்தில் நாட்சம்பளத்துக்கு நாம் சொல்லும் சொல் அதுதானே. "இன்னைக்குப் பேர் விழுந்திச்சா?" "அரைப்பேர் தான் போட்டாங்க." "பேர் பதிஞ்ச ஆளு", "பேர் பதியாத ஆளு". உலகத்தில் வேறெங்கும் ஒரு மனிதனின் பெயரும் அவனுடைய நாட்கூலியும் ஒரே சொல்லாக இருக்கிறதா என்று தெரியாது. செக்ரோலில் பெயருக்கு நேரே கோடு விழுந்தால் அன்றைக்கு நீ இருந்தாய். விழாவிட்டால் நீ இருக்கவில்லை. கம்பியூட்டர் வருவதற்கு நூறு வருடத்துக்கு முன்பே நம்மவர்கள் பதிவேட்டுக்குள் வாழப் பழகியவர்கள்.

சரி, வரலாற்றுக்கு வருவோம். வகுப்பில் இதைச் சொல்லத் தொடங்கினால் பாடவேளை முடிந்துவிடுகிறது.

நம் மூதாதையர் இந்த மலைக்கு வந்தது கோப்பிக் காலத்தில். அப்போது தனி மனிதனுக்கு எந்தக் கடதாசியும் இல்லை. கங்காணி ஆள் கட்டிக் கூட்டி வருவார், கடன் கங்காணியின் கணக்கில் ஏறும். 1869-இல் கோப்பி இலையில் நோய் வந்து, சில வருடங்களில் திம்புள்ள முழுக்கத் தேயிலையாக மாறியது. கோப்பிக்குப் பருவ வேலை, தேயிலைக்கு வருடம் முழுவதும் வேலை. ஆட்கள் நிரந்தரமாகத் தேவைப்பட்டார்கள். ஒரு தோட்டத்து ஆளை இன்னொரு தோட்டம் இழுப்பதைத் தடுக்க வேண்டியிருந்தது. அதற்கு வந்ததுதான் "துண்டு".

துண்டு என்றால் துண்டுக் கடதாசிதான். துரை எழுதிக் கொடுப்பார்: இன்ன கங்காணியும் அவருடைய ஆட்களும் இவ்வளவு ரூபாய் கடன் பட்டிருக்கிறார்கள், அதைக் கட்டினால் விடுவிக்கிறேன். அடுத்த தோட்டத்துத் துரை அந்தத் தொகையைக் கொடுத்து ஆட்களை எடுத்துக்கொள்வார். கவனியுங்கள், அந்தக் கடதாசியில் தொழிலாளியின் பெயர் முக்கியமில்லை, கடன் தொகைதான் முக்கியம். அவனுடைய முதல் அடையாளப் பத்திரம் அவன் கையில்கூட இருக்கவில்லை, கங்காணியின் மடியில் இருந்தது. தோட்டம் மாற மாறக் கடன் கூடிக்கொண்டே போனது. இந்த முறையை 1921-இல்தான் சட்டம் போட்டு ஒழித்தார்கள்.

இதற்கிடையில் 1901 அளவில் இன்னொன்று வந்தது. தகர டிக்கெட். சின்ன வட்டமான தகர வில்லை. அதில் மாவட்டத்துக்கு ஓர் எழுத்து, தோட்டத்துக்கு ஓர் இலக்கம், ஆளுக்கு ஓர் இலக்கம். கழுத்திலே கயிற்றில் கோத்துப் போட்டுக்கொள்ள வேண்டும். அதைக் காட்டினால் கப்பலிலும் ரயிலிலும் ஏற்றுவார்கள், பயணச் செலவு அந்த இலக்கத்துக்குரிய தோட்டத்தின் கணக்கில் விழும். எழுத வாசிக்கத் தெரியாத ஆள் வழியில் தொலையாமல் குறிப்பிட்ட தோட்டத்தின் வாசலுக்கே வந்து சேர்வான், ஒரு பார்சல் மாதிரி. 1904-இல் திருச்சியில் திறக்கப்பட்ட தொழிலாளர் ஆணையகமும், பிறகு மண்டபம் முகாமும், 1914-இல் தொடங்கிய தனுஷ்கோடி–தலைமன்னார் கப்பல் சேவையும் இந்த ஏற்பாட்டை ஒரு பெரிய இயந்திரமாக்கின.

தொழில்நுட்பமாகப் பார்த்தால் தகர டிக்கெட் கெட்டிக்கார ஏற்பாடு என்றுதான் சொல்வேன். மழையில் நனையாது, கிழியாது, எழுத்துப்பிழை வராது. ழகர, லகரச் சிக்கல் கிடையாது, ஏனென்றால் பெயரே கிடையாது. யாருக்கு அது வசதி என்பதுதான் கேள்வி. அந்த வில்லையை வைத்து ஒரு தொழிலாளி எதையும் கேட்க முடியாது. அதை வைத்து அவனைக் கண்டுபிடிக்க மட்டும்தான் முடியும்.

இனி 1948. இந்த இடத்தில் கொஞ்சம் நின்று பேச வேண்டும்.

1947 தேர்தலில் மலையகத்தில் இலங்கை இந்தியன் காங்கிரஸ் ஏழு ஆசனங்களை வென்றது. நம் தலவாக்கலையில் சி.வி. வேலுப்பிள்ளை, நுவரெலியாவில் தொண்டமான். ஒரு வருடம் கழித்து 1948-ஆம் ஆண்டின் 18-ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம். இந்த நாட்டில் பிறந்தது மட்டும் போதாது. உன் தகப்பனும் இங்கே பிறந்திருக்க வேண்டும், அல்லது பாட்டனும் பூட்டனும் இங்கே பிறந்திருக்க வேண்டும் என்றது. சரி, பிறந்தார்கள் என்றே வைத்துக்கொள்வோம். எதைக் காட்டி நிரூபிப்பது? லயத்திலே பிறந்த பிள்ளையின் பிறப்பைத் தோட்ட நிர்வாகம்தான் பதிவாளருக்கு அறிவிக்க வேண்டும். அறிவித்தார்களா, எந்தப் பெயரில் அறிவித்தார்கள் என்பதெல்லாம் தகப்பனுக்குத் தெரியாது. கொழும்பிலே கறுவாத்தோட்டத்தில் இருந்த கனவான்களில் எத்தனை பேர் தங்கள் பாட்டனின் பிறப்புச் சான்றிதழை வைத்திருந்தார்கள்? அவர்களிடம் யாரும் கேட்கவில்லை.

அடுத்து 1949-இன் 3-ஆம் இலக்கச் சட்டம், இந்திய பாகிஸ்தானிய வதிவாளர் சட்டம். தலைப்பிலே பாகிஸ்தான் இருக்கிறது, ஆனால் மலையகத்துக் கடைத்தெருக்களில் இருந்த நம் முஸ்லிம்களில் பெரும்பாலோர் கராச்சியைப் படத்தில்கூடப் பார்த்ததில்லை. கீழக்கரை, காயல்பட்டினம், தொண்டி, அதிராம்பட்டினம் என்று வந்தவர்கள். என் வாப்பாவின் வாப்பாவும் அப்படித்தான், பத்தனைப் பக்கம் ஒரு சில்லறைக் கடை. தோட்டத்து மக்களுக்கு வந்த அதே சட்டம் கடைக்காரருக்கும் வந்தது. இதை நம் பிள்ளைகள் பலருக்குச் சொல்லாமலே வளர்த்துவிட்டோம். "அது தோட்டத்து ஆட்களின் பிரச்சினை" என்று சொல்லும் இளைஞர்களை நான் பார்க்கிறேன். இல்லை தம்பி, உன் வீட்டு அலுமாரியைத் திறந்து பார்.

அந்தச் சட்டப்படி திருமணமானவர் 1946 ஜனவரி 1-க்கு முன் ஏழு வருடம், திருமணமாகாதவர் பத்து வருடம், இடைவிடாமல் இங்கே வசித்ததாக நிரூபிக்க வேண்டும். காங்கிரஸ் முதலில் விண்ணப்பிப்பதையே பகிஷ்கரித்தது. பிறகு மனம் மாறியபோது காலம் குறைந்துவிட்டது. 1951 ஆகஸ்ட் 5 கடைசி நாள். அந்தக் கடைசி மாதங்களில் விண்ணப்பங்கள் மலையாகக் குவிந்தன. ஏறக்குறைய 2,37,000 விண்ணப்பங்கள், அவற்றுக்குள் எட்டு இலட்சத்துக்கும் அதிகமான மனிதர்கள். ஒவ்வொரு கோவையையும் தனித்தனியே விசாரிக்க வேண்டும். விசாரணை பத்து வருடத்துக்கு மேல் இழுபட்டது. முடிவிலே பிரஜாவுரிமை கிடைத்தது ஏறக்குறைய 1,34,000 பேருக்கு.

என் வாப்பும்மா சொன்ன ஒரு கதை. அந்த நாட்களில் தோட்டத்து ஆட்கள் கடைக்கு வந்து நின்றார்களாம். அரிசி வாங்க அல்ல. "மொதலாளி, அந்தப் பழைய கடன் கொப்பி இருக்கா?" என்று கேட்டு. 1938-இலோ 39-இலோ இங்கே இருந்தோம் என்று காட்ட அவர்களிடம் வேறெதுவும் இல்லை. கடன் கொப்பியில் மாதாமாதம் பெயர் இருக்கும்: அரைப்படி பருப்பு, ஒரு போத்தல் மண்ணெண்ணெய், வெற்றிலை, பாக்கி இவ்வளவு. வாப்பாவின் வாப்பா எழுதுவது அரபுத்தமிழில். ஆகவே அதைப் படித்துச் சொல்லவே ஒருவர் தேவை. இருந்தும் சில பக்கங்களைக் கிழித்துக் கொடுத்திருக்கிறார். அந்தக் கொப்பி இன்னும் எங்களிடம் இருக்கிறது, கிழித்த ஓரங்களோடு. மூன்று குடும்பங்களுக்குக் கொடுத்ததாக வாப்பும்மாவுக்கு ஞாபகம். இரண்டு குடும்பம் இங்கேயே இருக்கிறது. மற்றது கூடலூருக்குப் போய்விட்டது.

வழக்கும் போட்டுப் பார்த்தார்கள். கோடாக்கன் பிள்ளை என்பவரின் வழக்கு லண்டன் பிரிவிக் கவுன்சில் வரை போய், 1953-இல் தோற்றது. சட்டத்தின் வார்த்தைகளில் எந்த இனத்தின் பெயரும் இல்லையே என்றார்கள். உண்மைதான். படிவம் எப்போதுமே எல்லோருக்கும் ஒரே படிவம்தான்.

1964 அக்டோபர் 30, சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம். 9,75,000 பேரில் 5,25,000 பேரை இந்தியா எடுக்கும், 3,00,000 பேருக்கு இலங்கை பிரஜாவுரிமை கொடுக்கும், மீதி ஒன்றரை இலட்சம் பேரை 1974-இல் ஆளுக்குப் பாதியாகப் பிரித்தார்கள். இதைப்பற்றி நிறையப் பேர் எழுதிவிட்டார்கள், நான் நீட்டவில்லை. ஒன்றே ஒன்று: இந்தியக் கடவுச்சீட்டு எடுத்து, சாமான் கட்டி வைத்திருந்த பல்லாயிரம் பேர் 1984-இல் கப்பல் நின்றதும் இங்கேயே தங்கிவிட்டார்கள். கையிலே ஒரு நாட்டின் கடவுச்சீட்டு, காலுக்குக் கீழே இன்னொரு நாட்டின் மண். அவர்களுடைய பிள்ளைகள் எங்கள் பாடசாலையில் என்னோடு படித்தார்கள். இரண்டு நாட்டுப் பதிவேட்டிலும் அவர்கள் "முடிந்த கணக்கு".

தேசிய அடையாள அட்டை 1972-இல் வந்தது. 1968-ஆம் ஆண்டின் 32-ஆம் இலக்க ஆட்பதிவுச் சட்டத்தின் கீழ். பழைய அட்டை வைத்திருப்பவர்கள் எடுத்துப் பாருங்கள். முதல் இரண்டு இலக்கம் பிறந்த வருடம். அடுத்த மூன்று, வருடத்தில் எத்தனையாவது நாள் என்பது, பெண்களுக்கு 500 கூட்டியிருக்கும். கடைசியில் ஓர் ஆங்கில எழுத்து, "வீ" அல்லது "எக்ஸ்". வீ என்றால் வாக்குரிமை உள்ளவர். வாக்குரிமை இல்லாதவருக்கு எக்ஸ். ஒரேயோர் எழுத்து. யுத்த காலத்தில் கொழும்புக்குக் கடைவேலைக்குப் போன நம் பையன்களைச் சோதனைச் சாவடியில் இறக்கியபோது, அட்டை இல்லாதவன் நிலை என்னவாயிற்று என்று அனுபவித்தவர்கள் இதை வாசிக்கும் உங்களில் பலர் இருக்கிறீர்கள். அட்டை இருந்தவனும் "பிறந்த இடம் நுவரெலியா, பெயர் தமிழ்" என்று ஓர் இரவு உள்ளே இருந்திருக்கிறான்.

அட்டை எடுப்பதிலும் ஒரு விசேஷம் இருந்தது, இன்றும் இருக்கிறது. கிராமத்தில் இருப்பவரின் விண்ணப்பத்தைக் கிராம உத்தியோகத்தர் உறுதிப்படுத்துவார். மாணவருக்கு அதிபர். தோட்டத்தில் இருப்பவருக்கோ தோட்ட அத்தியட்சகர். துரையின் ஒப்பம். துண்டை ஒழித்து நூறு வருடமாகிறது. நான் துரைமாரைக் குறைசொல்லவில்லை. ஒப்பத்துக்காக ஞாயிற்றுக்கிழமையும் கந்தோரைத் திறந்த துரையை எனக்குத் தெரியும். ஆனால் இந்த நாட்டின் பிரஜை என்று சொல்ல முதலாளியின் கையெழுத்து ஏன் வேண்டும் என்று ஒன்பதாம் ஆண்டுப் பிள்ளை ஒருத்தி வகுப்பில் கேட்டாள். நான் பாடப்புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருந்தேன்.

இப்போது 2003. நல்ல கதையும் ஒன்று சொல்ல வேண்டும் இல்லையா.

அந்த வருடம் அக்டோபரில் பாராளுமன்றம் ஏகமனதாக ஒரு சட்டத்தை நிறைவேற்றியது, 35-ஆம் இலக்கம். 1964 அக்டோபர் 30 முதல் இலங்கையில் நிரந்தரமாக வசித்து வரும் இந்திய வம்சாவளியினர், அவர்களுடைய சந்ததியினர் எல்லோரும் பிரஜைகள். வேறு நாட்டுக் கடவுச்சீட்டு எதுவும் இல்லாதவர் ஒரு பிரகடனத்தை நிரப்பி, சமாதான நீதவான் ஒருவரின் மேலொப்பத்தைப் பெற்றால் போதும். ஐ.நா. அகதிகள் நிறுவனமும் அரசும் தொழிற்சங்கங்களும் சேர்ந்து நடமாடும் சேவைகளை நடத்தின. தொண்டர்கள் மேசை நாற்காலியோடு தோட்டத்துக்கே வந்தார்கள். ஏறத்தாழ பத்து நாட்களில் 1,90,000 பேரளவில் பிரஜைகள் ஆனார்கள்.

1951-இன் கணக்கையும் இதையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அங்கே பத்து வருடத்துக்கு மேல், 1,34,000 பேர். இங்கே பத்து நாள், 1,90,000 பேர். இடையில் என்ன புதிய தொழில்நுட்பம் வந்தது? ஒன்றுமில்லை. இரண்டு தடவையும் கடதாசியும் பேனையும்தான். 1951-இல் "நீ இல்லை என்று நாங்கள் நினைக்கிறோம், இருக்கிறாய் என்று நிரூபி" என்றார்கள். 2003-இல் "நீ இருக்கிறாய், இந்த இடத்தில் ஒப்பம் வை" என்றார்கள். நிரூபிக்கும் சுமையை யார் தோளில் ஏற்றினார்கள் என்பதில்தான் வித்தியாசம். டிஜிட்டல் அட்டையைப் பற்றி யார் என்னிடம் கேட்டாலும் முதலில் இந்த இரண்டு எண்களைத்தான் சொல்கிறேன்.

அட்டையே பிறகு நன்றாகத்தான் மாறியது. 2014 முதல் சிங்களம், தமிழ் இரண்டிலும் பெயர். 2016-இல் பன்னிரண்டு இலக்கம், கடைசி எழுத்து போய்விட்டது. 2017-இல் பிளாஸ்டிக் அட்டை. 2022-இல் எரிபொருள் கியூஆர் வந்தபோது அடையாள அட்டை இலக்கத்தைப் போன்ஸில் தட்டி வரிசையைக் குறைத்தார்கள். அதை நாம் எல்லோருமே மெச்சினோம், நானும் என் பழைய ஹொண்டாவுக்கு எடுத்தேன். ஆகவே டிஜிட்டல் என்றாலே ஆகாது என்று சொல்லும் கட்சியில் நான் இல்லை.

ஆனால் மற்றப் பக்கத்தையும் பாருங்கள். 2021 ஜூலையில் தேசிய மருந்துகள் ஒழுங்குபடுத்தும் அதிகார சபையின் தரவுகள் அழிந்து போயின, நாட்டுக்குள் வரும் மருந்துகளைப் பற்றிய பதிவுகள். 2023-இல் அரசாங்கத்தின் கிளவுட் மீது தாக்குதல். மே 17 முதல் ஆகஸ்ட் 26 வரையான மின்னஞ்சல்கள் தொலைந்தன. ஏறக்குறைய ஐயாயிரம் அரச முகவரிகள், அமைச்சரவை அலுவலகம் உட்பட. மென்பொருள் பழையது, புதுப்பிக்கவில்லை. பிரதி எடுத்து வைத்திருந்தார்கள்தான். ஆனால் அந்தப் பிரதியும் அதே வலையமைப்பில் இருந்ததால் மூலத்தோடு சேர்ந்து பூட்டுப்பட்டுவிட்டது. 2024-இல் பத்தரமுல்லையில் கடவுச்சீட்டுக்காக மக்கள் இரவிரவாக வரிசையில் கிடந்ததை ரீவியில் பார்த்தீர்கள்.

ஒரு பழைய விஷயம். வெள்ளைக்காரன் காலத்துப் பிறப்புப் பதிவு இரண்டு பிரதியாக எழுதப்பட்டது. ஒன்று இங்கே, ஒன்று தலைமைக் காரியாலயத்துக்கு. ஒரு கட்டடத்தில் தீப்பிடித்தாலும் கறையான் அரித்தாலும் மற்றது மிஞ்சும். நூறு வருடத்துக்கு முன் மையும் புத்தகமும் வைத்து வேலை செய்த கிளாக்கர்மாருக்குத் தெரிந்த சங்கதி அது.

வெளிநாட்டிலும் இதே கதை உண்டு. பிரித்தானியாவில் 1948-இல் விண்ட்ரஷ் என்ற கப்பலில் கரீபியன் மக்கள் வந்து இறங்கினார்கள். அதே 1948, நம்முடைய குடியுரிமை போன வருடம். அவர்களுக்குச் சட்டப்படி உரிமை இருந்தது, ஆகவே கடதாசி எடுக்கத் தேவைப்படவில்லை. அறுபது வருடம் கழித்து உரிமையை நிரூபிக்கச் சொன்னார்கள். அவர்கள் வந்திறங்கிய நாளைக் காட்டும் பழைய அட்டைகளை 2010-இல் உள்துறையே அழித்திருந்தது. வேலையை இழந்தவர்கள், வைத்தியம் மறுக்கப்பட்டவர்கள், நாடு கடத்தப்பட்டவர்கள் இருந்தார்கள். 2018-இல் அரசு மன்னிப்புக் கேட்டது. பதிவேட்டைத் தொலைத்தவர் அரசு, தண்டனை அனுபவித்தவர் மனிதர்.

இனி வரப்போகும் அட்டை. 2022 மார்ச்சில் இந்தியாவோடு புரிந்துணர்வு உடன்படிக்கை, 2023 ஆகஸ்டில் 45 கோடி இந்திய ரூபாய் முற்பணம். பெங்களூரில் உருவான மொசிப் என்ற திறந்த மென்பொருளின் மேல் கட்டப்படும் ஏற்பாடு. முகம், கருவிழி, பத்து விரல் ரேகை. அஸ்வெசும, ஊழியர் சேமலாப நிதி, வங்கி என்று எல்லாவற்றையும் ஒரே இலக்கத்தில் கோர்க்கலாம் என்கிறார்கள். நல்லது. கோர்க்கும்போது பளனியாண்டியும் பலனியாண்டியும் பழனியாண்டியும் என்ன ஆவார்கள்?

இதுவரை நம்மைக் காப்பாற்றியது பல இடங்களில் மனிதக் கண்தான். தபால்காரருக்கு நம்மைத் தெரியும். வங்கியில் இருக்கும் மிஸ் "அது இவர்தான், எழுத்துத்தான் வித்தியாசம்" என்பார். கம்பியூட்டருக்கு அந்த இரக்கமும் இல்லை, அந்தப் பொது அறிவும் இல்லை. எழுத்து பொருந்துகிறதா, இல்லையா, அவ்வளவுதான். நாற்பது வருடம் கொழுந்து பறித்த ஒரு அம்மா சேமலாப நிதி எடுக்கப் போய், பெயரில் ஒரு எழுத்துக்காக இரண்டு வருடம் அலைந்ததை என் கண்ணால் பார்த்தேன். அவருக்குச் சத்தியக் கடதாசி எழுதிக் கொடுத்ததே நான்தான்.

இன்னொன்று, விரல். இந்தியாவில் 2010 செப்டம்பரில் மகாராஷ்டிரத்தின் தெம்ப்லி என்ற கிராமத்தில் முதல் ஆதார் இலக்கம் கொடுக்கப்பட்டது. இன்று நூறு கோடியைத் தாண்டிவிட்டது, பெரிய சாதனை, மறுக்கவில்லை. ஆனால் ரேஷன் கடையில் விரலை வைத்தால் இயந்திரம் ஏற்காத சம்பவங்கள் ஆரம்பத்திலிருந்தே உண்டு. யாருடைய விரலை? கல் உடைப்பவர், செங்கல் சுமப்பவர், வயலில் நிற்பவர், வயதானவர். 2017-இல் ஜார்க்கண்டில் ஆதாரோடு இணைக்காத ரேஷன் அட்டை ரத்தாகி, ஒரு சிறுமி பட்டினியால் இறந்ததாகக் குடும்பம் சொன்னது, அரசு மறுத்தது. 2018 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் ஆதாரை மானியங்களுக்கு அனுமதித்து, தனியார் கம்பனிகள் கட்டாயப்படுத்துவதைத் தடுத்தது.

நம் பெண்களின் விரலைப் பாருங்கள். இருபது வருடம் கொழுந்து பறித்த பெருவிரலும் ஆட்காட்டி விரலும். கறை படிந்து, வெடித்து, ரேகை தேய்ந்து. எங்கள் பாடசாலையில் வருகைப் பதிவுக்கு விரல் இயந்திரம் வைத்தபோது, தினமும் சோக்கு பிடிக்கும் என் விரலையே சில நாள் அது ஏற்காது. "ட்ரை அகெய்ன்" என்று ஒரு பெண் குரல் சொல்லும். எனக்கு அதிகபட்சம் நேரம் பிந்தும். ஒரு தாய்க்கு அஸ்வெசும காசு பிந்தும்.

வேடிக்கை என்னவென்றால், நம் பெரியவர்களைக் "கைநாட்டு" என்று கேலி செய்தார்கள். எழுதத் தெரியாதவன் என்று அர்த்தம். இன்றைக்கு உலகத்தின் மிகப்பெரிய கம்பியூட்டர் திட்டங்கள் டொக்டரையும் என்ஜினியரையும் கைநாட்டு வைக்கச் சொல்கின்றன.

முகவரியும் அப்படியே. லயத்துக்கு வீதிப் பெயர் இல்லை, வீட்டு இலக்கம் இல்லை. தோட்டம், டிவிஷன், அவ்வளவுதான். கடிதம் தோட்டக் கந்தோருக்கு வந்து, அங்கிருந்து கைமாறி வரும். பல்கலைக்கழக அனுமதிக் கடிதம் பிந்தி வந்த பிள்ளைகளை ஒவ்வொரு ஆசிரியருக்கும் தெரியும். டிஜிட்டல் படிவத்தில் "வீட்டு இலக்கம்" என்ற கட்டம் கட்டாயமாக இருந்து, அதை நிரப்பாமல் அடுத்த பக்கத்துக்குப் போக முடியாவிட்டால் என்ன செய்வது? சிரிக்காதீர்கள், போன வருடம் ஒரு படிவத்தில் இப்படித்தான் மாட்டிக்கொண்டு, எல்லாப் பிள்ளைக்கும் "1" என்று போட்டோம். ஒரே வீட்டில் நாற்பத்திரண்டு பிள்ளைகள்.

ஆகவே என் நிலைப்பாட்டைத் தெளிவாகச் சொல்கிறேன். அட்டை வரட்டும். ஆனால் பதிவு செய்யும் ஆட்கள் 2003-இல் வந்ததுபோலத் தோட்டத்துக்கு வரவேண்டும், நாம் ஹட்டனுக்கோ பத்தரமுல்லைக்கோ பேர் இழந்து போகக்கூடாது. விரல் ஏற்காவிட்டால் வேறு வழி என்ன என்று எழுத்தில் இருக்க வேண்டும். மறுத்தால் காரணத்தைத் தமிழில் எழுதித் தரவேண்டும். பெயர்ப் பிழையைத் திருத்த ஒரே இடம், ஒரே தடவை. இதைத் தொழிற்சங்கத் தலைவர்மாரும் பிரதேச சபை உறுப்பினர்களும் பள்ளிவாசல், கோவில், சேர்ச் நிர்வாகங்களும் இப்போதே கேட்க வேண்டும். மென்பொருள் எழுதி முடித்த பிறகு கேட்டால் "சிஸ்டத்தில இல்லை" என்பார்கள்.

நம் பக்கத்து வேலையும் இருக்கிறது. டித்வா புயலின் மண்சரிவில் வீட்டோடு பத்திரங்களையும் இழந்தவர்கள் மலையகத்தில் இருக்கிறார்கள். பத்திரம் கையில் இருப்பவர்களிலும் பாதிப் பேருக்கு அதில் என்ன எழுதியிருக்கிறது என்று தெரியாது, சிங்களம் வாசிக்கத் தெரியாததால்.

வரும் சனிக்கிழமை காலை ஒன்பது மணி முதல் நானும் சிங்கள பாட ஆசிரியை ஒருவரும் இன்னும் இரண்டு ஆசிரியர்களும் பாடசாலை மண்டபத்தில் இருப்போம். அதிபர் அனுமதி தந்துவிட்டார். குடும்பத்தில் எல்லோருடைய பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டை, விவாகச் சான்றிதழ், சேமலாப நிதிக் கடதாசி, 2003 பிரகடனம் இருந்தால் அதுவும், எல்லாவற்றையும் கொண்டு வாருங்கள். பெயர்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம். எங்கே பிழை, எந்தப் படிவம் போட வேண்டும் என்று எழுதித் தருகிறோம். பிறப்புச் சான்றிதழே இல்லாத பெரியவர்களுக்கு உத்தேச வயதுச் சான்றிதழ் எப்படி எடுப்பது என்று சொல்கிறோம். காசு எதுவும் இல்லை. பிளேன்டி உண்டு.

பழைய தகர வில்லை, துண்டு, பற்றுச்சீட்டு, பயணம் போகாத பாஸ்போர்ட் யாரிடமாவது இருந்தால் அதையும் கொண்டு வாருங்கள். வாங்கி வைக்க மாட்டேன், பிள்ளைகள் பார்க்க வேண்டும். நான் கடன் கொப்பியைக் கொண்டு வருகிறேன். அதில் 1939-ஆம் வருடப் பக்கங்களில் சில பெயர்களை வாசித்து வைத்திருக்கிறேன், யாருடைய பாட்டன் என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும்.